விளையாட்டுப் பாடல் நூல் அச்சுக்குப் போகும் முன்: பள்ளி வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் வாரியத் தலைவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிக்கு வெளியிடும் மலரை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கென்றே படங்களோடு ஒரு விளையாட்டுப் பாடல் நூல் கொண்டுவரலாம் என்ற பேச்சு உங்கள் கூட்டங்களில் எழுந்திருக்கிறது. நல்ல பேச்சு. வாழ்த்துரையும் விளம்பரமும் நிறைந்த மலரைப் பிள்ளைகள் புரட்டுவதே தங்கள் படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். ஆனால் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிவரும் திட்டத்தைப் படித்தால் கவலையாக இருக்கிறது. 40 பாடல்கள், 48 பக்கங்கள், படங்களுக்கு 'இணையத்தில் கிடைப்பதைப் போட்டுக்கொள்ளலாம்', மூன்று வாரத்தில் அச்சு. இப்படி வந்தால் அது அட்டை மாறிய மலர்தான்.

நாங்கள் சிறுவர் பாடல் எழுதுபவர்கள், படம் வரைபவர்கள், அச்சுக்குப் பக்கம் கட்டுபவர்கள், தோட்டப் பள்ளிகளில் விளையாட்டும் சங்கங்களுமான புறப்பாடம் பார்த்த ஆசிரியர்கள். எங்கள் கோரிக்கை இதுதான்: 40 பாடல் வேண்டாம், 10 போதும். அந்தப் பத்தும் திடலில் தேறியவையாக இருக்கட்டும். பாட்டும் படமும் அந்த விளையாட்டின் அசைவை அறிந்திருக்கின்றனவா என்று பிள்ளைகளை வைத்துப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

பாடல்களைக் கேட்டு அறிவிப்புச் செய்தால் வந்து குவிபவற்றில் பெரும்பாலானவை இப்படி இருக்கும்:

உடலை வளர்க்கும் விளையாட்டு
ஒற்றுமை வளர்க்கும் விளையாட்டு
வெற்றி தோல்வி வந்தாலும்
விடாமல் ஆடு விளையாட்டு

மோனை இருக்கிறது, இயைபு இருக்கிறது, வாய்க்கும் தடங்கல் இல்லை. மேலே 'பூப்பந்து' (இறகுப் பந்தாட்டம்) என்று தலைப்பு வைத்து அனுப்பியிருப்பார்கள். அதை அடித்துவிட்டுக் 'கயிறு இழுத்தல்' என்று எழுதிப் பாருங்கள். உள்ளே ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. தேர்வுக் குழுவுக்கு நாங்கள் தரும் முதல் சல்லடை இதுவே. விளையாட்டின் பெயரை மாற்றியும் நிற்கிற பாடலை ஒதுக்கி வையுங்கள். எழுதியவர் யாராக இருந்தாலும், முன்னாள் தலைமையாசிரியராகவே இருந்தாலும், ஒதுக்குங்கள். இந்த ஒரு சல்லடையிலேயே குவியல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

அப்படியானால் எதைத் தேடுவது? ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. நம் யாப்பில் அதற்கேற்ற வடிவம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. தொடர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முடிக்கும் இடத்தில் அடுத்தவர் தொடங்குகிறார். அந்தாதியும் அதைத்தானே செய்கிறது?

கோலைப் பிடித்தாள் தேவி
தேவி கடந்தாள் வளைவு
வளைவின் முடிவில் மாலு
மாலு பறந்தாள் நேரே
நேரே நின்றாள் வள்ளி
வள்ளி வளைந்தாள் இடமாய்
இடக்கை நீட்டும் நீலா
நீலா கையில் கோலு

மாதிரிக்காகத்தான் இதை எழுதினோம். இதைவிட நன்றாக எழுத உங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை மட்டும் சொல்கிறோம். அடிக்கு மூன்று சீர். ஓர் அடியின் கடைசிச் சொல் அடுத்த அடியின் முதலில் வருவதால், நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டடி பிரித்துக் கொடுத்தால் சொல்லே கோலாகக் கைமாறும். 400 மீட்டர் தடத்தில் 4x100 ஓடும்போது முதலாமவரும் மூன்றாமவரும் வளைவில் ஓடுவார்கள், மற்ற இருவரும் நேர்த்தடத்தில். வளைவில் ஓடுபவர் உட்கோட்டை ஒட்டி ஓட வசதியாகக் கோலை வலக்கையில் வைத்திருப்பார், மற்றவர் இடக்கையில் வாங்குவார். நான்காவதாக ஓடும் நீலா இடக்கை நீட்டுவது எதுகைக்காக வந்ததல்ல. இந்தப் பாடலுக்குப் படம் வரைபவர் நீலாவின் வலக்கையில் கோலைக் கொடுத்துவிட்டால், தடகளம் பழகிய ஆறாம் ஆண்டுப் பிள்ளையே விரலை வைத்துக் காட்டும்.

கபடிக்கு வேறு வழி. பாடிப் போகிறவர் மூச்சு விடக்கூடாது. விதிப்படி ஒருமுறை பாடிப் போக 30 வினாடி. ஆகவே பாட்டிலும் மூச்சு விட இடம் வைக்கக் கூடாது. முற்றுவினை வந்தால் வாய் தானாக நின்றுவிடும். வினையெச்சமாகவே அடுக்கினால் நிற்க முடியாது:

கோட்டைத் தொட்டுக் குனிந்து நுழைந்து
கையை வீசிக் காலை நீட்டிப்
பிடிக்க வந்தால் பின்னே துள்ளி
இடுப்பை வளைத்து இருவரை இழுத்து
மூச்சு முட்ட மண்ணில் புரண்டு
கோட்டைத் தொட்டு... கபடி!

ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை திணறித் திணறிக் கடைசி அடிக்கு வந்து சேர வேண்டும். எளிதாக முடிந்தால் ஓரடி கூட்டுங்கள். பாதியிலேயே விட்டுவிட்டால் ஓரடி குறையுங்கள். எத்தனை அடி என்பதை எழுதியவர் முடிவு செய்ய வேண்டாம், பிள்ளையின் நெஞ்சு முடிவு செய்யட்டும்.

காலாலும் தலையாலும் பந்தைத் தட்டும் செப்பாக் தக்ராவில் ஓர் அணிக்கு மூன்று பேர், மூன்று தொடலுக்குள் பந்து வலையைத் தாண்ட வேண்டும். மூன்றடிப் பாடல் அதற்குப் பொருந்தும். 'பாதம் தட்டி ஒன்று / நெற்றி முட்டி ரெண்டு / மூன்றில் பறக்கும் பிரம்பு' என்பதைப் போல மூன்றாம் அடியில் பந்து கிளம்பிவிட வேண்டும். (முன்பு பிரம்பால் பின்னிய பந்து இன்று நெகிழியில்தான் வருகிறது. பிரம்பு என்றதும் பிள்ளைக்கு ஆசிரியர் மேசை நினைவுக்கு வந்தால் அது எழுதியவர் பொறுப்பு.) பூப்பந்துக்குப் பக்கங்களையே ஆடுகளமாக்கலாம். இடப்பக்கம் 'மேலே தட்டு', வலப்பக்கம் 'எட்டித் தட்டு'. இடப்பக்கம் 'ஓரம் தள்ளு', வலப்பக்கம் 'ஓடி அள்ளு'. நடுமடிப்பு வலையாகிவிடும். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் படிக்கலாம். கயிறு இழுத்தலுக்கு ஏலேலோ இருக்கவே இருக்கிறது, அதைப் பற்றி நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யாப்பில் அடிக்கடி தவறும் இடங்கள் சில. முதலாம், இரண்டாம் ஆண்டுக்கு அடிக்கு இரண்டு அல்லது மூன்று சீர், பாடலுக்கு நான்கு முதல் எட்டு அடி. அதற்கு மேல் போனால் பிள்ளை அடியின் முடிவுக்கு வருமுன் தொடக்கத்தை மறந்துவிடும். 'விளையாட்டு வீராங்கனையாய்' போன்ற நீண்ட சொல் ஓரடியையே விழுங்கிவிடும். எதுகைக்காகப் பந்து, வந்து, தந்து, முந்து என்ற நால்வரையும் ஓட்டம், ஆட்டம், கூட்டம், தோட்டம் என்ற நால்வரையும் மாறி மாறிக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். எதுகையில் முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். 'பட்டம்' என்பதற்கு 'ஆட்டம்' எதுகை ஆகாது, ஒன்று குறில், மற்றது நெடில். இதைக் கவனிக்காமல் போனால் பிள்ளைக்கு விதி தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். பேச்சு வழக்குச் சொற்களை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரே பாடலில் 'ரெண்டு' என்றும் 'மூன்று' என்றும் கலந்தால் பாட ஆசிரியர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். மேலே உள்ள எங்கள் தக்ராவ் வரியிலேயே அந்தக் கலப்பு இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

திடல் சோதனை எப்படிச் செய்வது? ஆறு பிள்ளைகள் போதும், படிப்பில் முந்துபவர் இருவர், நடுத்தரம் இருவர், தடுமாறுபவர் இருவர். பாடலை முன்கூட்டிச் சொல்லிக்காட்டாமல் தாளைக் கொடுங்கள். முதல் முறை படிக்கும்போது எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்று ஆசிரியர் தன் தாளில் கோடிட வேண்டும். மூன்று பேருக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் குற்றம் சொல்லில்தான். இரண்டாம் முறை கைதட்டிப் படிக்கட்டும். மெட்டுப் போட்டுப் பாடவே கூடாது. மெட்டு இழுத்துக் கொடுக்கும், சுருக்கிக் கொடுக்கும், நொண்டும் சீரையெல்லாம் தூக்கி நிறுத்திவிடும். தேர்வுக் குழுக்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நன்றாகப் பாடத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் படித்துக்காட்டினால் எந்தப் பாடலும் தேறிவிடும். மூன்றாம் முறை, அந்த விளையாட்டைச் செய்துகொண்டே சொல்லட்டும். கால் எழும்போது அசை எழுகிறதா, குதித்து இறங்கும்போது சீர் முடிகிறதா என்று பாருங்கள். நடைப் போட்டிப் பாடல் ஒன்றில் 'ஒரு கால் மண்ணில் / மறு கால் முன்னில்' என்று வந்தால், ஒரு பாதம் எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும் என்ற விதியைப் பிள்ளையின் கால் தானே கற்றுக்கொள்ளும்.

இனிப் படங்கள். உங்கள் திட்டத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நாங்கள் கொஞ்சம் அதிகம் எடுத்துக்கொள்கிறோம்.

பாட்டில் சொன்னதையே படம் திரும்பச் சொன்னால் ஒன்று வீண். 'நீலா கையில் கோலு' என்று பாட்டு சொல்லிவிட்டது. படத்தில் நீலாவுக்குப் பின்னால் வள்ளி மூச்சு வாங்கிக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், தேவி தொலைவில் துள்ளட்டும். பாட்டில் இல்லாத ஒருவராவது ஒவ்வொரு படத்திலும் இருந்தால் பிள்ளை திரும்பத் திரும்பப் பக்கத்தைத் திறக்கும். நேரம் பிடிக்கும் ஆசிரியர், தண்ணீர்ப் போத்தல் தூக்கும் தம்பி, திடலுக்குள் வந்துவிட்ட மாடு, யாராக இருந்தாலும் சரி.

திசை மிக முக்கியம். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆகவே ஓடுபவர் வலப்பக்கம் நோக்கி ஓடினால் பக்கம் தானாகப் புரளும். நல்ல வேளையாக உண்மையும் அதுவே. தடத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் ஓடுகிறார்கள். கூடாரத்தின் அடியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, அவர் முன்னே உள்ள நேர்த்தடத்தில் ஓட்டக்காரர் இடமிருந்து வலமாகத்தான் கடப்பார். எதிர்ப்பக்கத் தடத்தை வரைந்தால் திசை மாறும், வளைவில் உடல் இடப்பக்கம் சாயும். பக்கம் கட்டுபவர் 'எடுப்பாக இல்லை' என்று படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிவிடுவார். கணினியில் அது ஒரே சொடுக்கு. புரட்டினால் என்ன கெடும்? ஓட்டக்காரர் தடத்தில் தவறான திசையில் ஓடுவார். ஹாக்கி மட்டை இடக்கை மட்டை ஆகிவிடும், விதியில் அப்படி ஒரு மட்டையே கிடையாது, தட்டையான முகம் இடப்பக்கம்தான். சட்டை எண் 2 பின்புறமாய் நிற்கும். பின்னணியில் பால்மரம் (ரப்பர் மரம்) இருந்தால் இன்னும் மோசம். வெட்டு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக இறங்க வேண்டும், பால் குழாய்கள் மரப்பட்டைக்குள் வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். புரட்டிய படத்தில் வெட்டும் மாறிச் சரியும். புத்தகத்தைப் பேரப்பிள்ளையின் கையிலிருந்து வாங்கிப் பார்க்கும் பாட்டி, பால்வெட்டில் கை பழகியவர், முதலில் அதைத்தான் கேட்பார். ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்: வரைந்தவரைக் கேட்காமல் எந்தப் படத்தையும் புரட்டக்கூடாது.

பூப்பந்தாட்டப் படங்களில் மூன்று பிழைகள் வழக்கமாக வரும். ஒன்று, இறகுப் பந்து இறகு முன்னே வரப் பறப்பது. கனமான தக்கைதான் முன்னே செல்லும், அடித்த கணத்திலேயே திரும்பிக்கொள்ளும். இரண்டு, வலை தரையைத் தொட்டுத் தொங்குவது. பூப்பந்து வலையின் அகலம் 76 செண்டிமீட்டர்தான், கீழே பாதி உயரம் திறந்தே இருக்கும். மூன்று, வலை பிள்ளையின் மார்பளவு நிற்பது. வலையின் நடு உயரம் 1.524 மீட்டர். இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் தலைக்கு மேலே அது. அந்த உயரத்தை அப்படியே வரைந்தால்தான் 'எட்டித் தட்டு' என்ற சொல்லுக்கே பொருள் வரும். தக்ராவ் பந்தில் 12 துளைகள் உண்டு. கோடு கோடாக உருண்டை போட்டுவிட்டால் கைப்பந்தா கூடைப்பந்தா என்று தெரியாது. ஓடும் உருவங்களில் எந்தக் கால் முன்னே இருக்கிறதோ அதற்கு எதிர்க்கை முன்னே வர வேண்டும். அவசரத்தில் வரையும்போது ஒரே பக்கத்துக் கையும் காலும் முன்னே வந்துவிடும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே படம் விறைத்து நிற்கும்.

'கிடைப்பதைப் போட்டுக்கொள்ளலாம்' என்பதற்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பனிக்காலச் சட்டை போட்ட பிள்ளைகள் மேப்பிள் மரத்தடியில் பந்து விளையாடுவார்கள். உரிமை யாருடையது என்பது தனிக் கேள்வி. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எடுக்கலாம் என்று ஓர் இளைஞர் சொல்லியிருப்பார். முயன்று பாருங்கள், ஆனால் பெரிதாக்கிப் பாருங்கள். பல நேரம் தக்ராவ் பந்தும் கபடிக் கோடும் அதற்குச் சரியாக வராது. கயிறு ஒருவர் வயிற்றுக்குள் நுழைந்து இன்னொருவர் முதுகில் வெளியே வரும், சட்டையில் தமிழ் எழுத்துப் போலத் தெரிவது எந்த மொழியிலும் இருக்காது. அதைத் திருத்தும் நேரத்தில் ஒருவர் புதிதாகவே வரைந்துவிடலாம். பேராக்கிலேயே ஓவியம் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், காசு கொடுத்துக் கேளுங்கள். 'நம் பள்ளிக்குத்தானே' என்று இலவசமாகக் கேட்டால் இலவசமாகத்தான் வரும்.

வரைபவர் கவனிக்க உள்ளூர் விவரங்கள்: பள்ளிக் காலணி இப்போது கறுப்பு, பழைய பழக்கத்தில் வெள்ளையாக வரைந்துவிட வேண்டாம். திடலைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் செம்பனை, ஆகவே பின்னணி பச்சை. பச்சை இல்லத்துப் (பச்சைச் சட்டை அணியின்) பிள்ளையை அதன் முன் நிறுத்தினால் காணாமல் போவான். சிவப்பு இல்லம், பச்சை இல்லம் இரண்டையும் நிறத்தால் மட்டும் பிரித்தால் நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. ஓர் அணிக்குச் சட்டையில் பட்டைக் கோடு போட்டால் தீர்ந்தது. பிள்ளைகளின் தோல் நிறத்தை வெளுக்க வேண்டாம் என்பதை நாங்கள் தனியே சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். அச்சில் பழுப்புத் தோல் சேறாகத் தெரிவதற்குக் காரணம் கறுப்பு மை கூடுவது. கறுப்பை 20 விழுக்காட்டுக்குள் நிறுத்தி, சிவப்பு, மஞ்சள் மைகளால் ஆழம் கொடுத்தால் உயிரோடு வரும். நாலைந்து தோல் நிறங்களை ஒரே தாளில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு வரைபவர் தொடங்கட்டும். திரையை நம்பக் கூடாது.

எழுத்தைப் பற்றி. மூன்றாம் ஆண்டு வரை 20 முதல் 22 புள்ளி அளவு, வரி இடைவெளி 32 முதல் 34. ஆங்கில நூலின் இடைவெளியை அப்படியே வைத்தால் மேல் வரியின் 'கூ', 'பூ' கீழ் வரியின் 'கி', 'தீ' கொக்கிகளோடு முட்டிக்கொள்ளும். பாலூ தம்பி போன்ற தடித்த எழுத்துருவைத் தலைப்புக்கு மட்டும் வையுங்கள், பாட்டுக்கு முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை தெளிவாக இருக்கும். இவை எல்லாம் கட்டணமில்லாத, அச்சுக்கு அனுமதியுள்ள எழுத்துருக்கள். அடோபி இன்டிசைனில் பக்கம் கட்டினால் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தைவிட்டுப் பிரிந்து போகும். முரசு அஞ்சலின் பழைய குறியீட்டில் தட்டச்சான பாடல்களை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகும் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். அச்சகம் அனுப்பும் கோப்பில் 'தொடு, தோள், கௌரி, ஸ்ரீதர்' என்ற நான்கு சொற்களும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும். வரியை இடப்பக்கம் சீராக வையுங்கள். நடுவில் குவித்தால் பிள்ளையின் கண் ஒவ்வொரு முறையும் புதிய இடத்தைத் தேட வேண்டியிருக்கும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளவே கூடாது. பாட்டு கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சாகட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ழகரமும் ணகரமும் மங்கிவிடும். படத்தின்மேல் எழுத்து வர வேண்டுமானால் அந்த இடத்தை வானமாகவோ வெறும் புல்லாகவோ வரைபவர் முதலிலேயே ஒழித்துத் தர வேண்டும். பிறகு வெள்ளைப் பெட்டி போட்டு ஒட்டுவது படத்துக்கும் பாட்டுக்கும் அவமானம்.

பக்கக் கணக்கு: 24 பக்கம், நடுவில் கம்பி தைத்தது, 21 செண்டிமீட்டர் சதுரம். முதல் பக்கம் தலைப்பு, 2-3 பதிப்பு விவரமும் பொருளடக்கமும், 4-5இலிருந்து 22-23 வரை பத்து இரட்டைப் பக்கங்கள், பத்துப் பாடல்கள், 24ஆம் பக்கம் ஆடிப் பார்க்கக் குறிப்புகள். நடுமடிப்பிலிருந்து 15 மில்லிமீட்டருக்குள் எழுத்தோ முகமோ வரக் கூடாது. வெட்டும் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் படம் வெளியே நீண்டிருக்க வேண்டும். உள்தாள் 128 கிராம் மங்கல் ஆர்ட் பேப்பர். பளபளப்பான தாளில் வகுப்பறை விளக்கு பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். அட்டைக்கு 260 கிராம் ஆர்ட் கார்டு, தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் ஒரு பக்கம் மட்டும் நெகிழி ஒட்டிய அட்டை சுருண்டுகொள்வதற்கு நார்த் திசை தவறியதும் ஒரு காரணம். தைக்கும் கம்பி துருப்பிடிக்காததா என்று கேட்டுவிடுங்கள். சுமார் 500 படிக்குக் கீழே என்றால் இலக்கமுறை அச்சு கட்டுப்படியாகும், அதற்கு மேல் ஆப்செட் விலையையும் கேட்டுப் பாருங்கள்.

மலரை நினைத்து வாழ்த்துரைக்குப் பக்கம் ஒதுக்க வேண்டாம். நன்கொடையாளர் பெயர்கள் பின் உள்ளட்டையில் சிறிய எழுத்தில் வரட்டும். 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி அச்சகத்தின் பெயர், முகவரியும் வெளியிடுபவரின் பெயர், முகவரியும் நூலில் இருக்க வேண்டும். தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எண் கட்டணமின்றிக் கிடைக்கும். வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளை அங்கே ஒப்படைப்பது 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. பள்ளி வெளியீடுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள், நூலும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போய்விடுகிறது.

பத்தில் ஒன்றிரண்டு உண்மை மனிதர்களைப் பற்றி இருக்கட்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சரி, ஆனால் புகழ்மாலை வேண்டாம். மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன் 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, 4x100 மூன்றிலும் தங்கம் வென்றார். 1968இல் மெக்சிக்கோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. 20.92 வினாடியில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு பாடலை எழுதச் சொல்லுங்கள், பிள்ளைகள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மோதுவார்கள். அதே 1966இல் 400 மீட்டர் ஓடித் தங்கம் வென்ற ராஜாமணி, 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்ற சரவணன், இவர்களுக்கும் அப்படி ஒரு அளவு கிடைக்கும். கடைசியாக வந்து சேரும் பிள்ளைக்கும் ஒரு பாடல் வேண்டும். ஆறுதல் சொல்லும் பாடலாக இல்லாமல், கடைசித் தடத்தில் ஓடும்போது காதில் என்னென்ன விழுகிறது என்று சொல்லும் பாடலாக இருக்கட்டும்.

மூன்று வாரத்தில் முடியாது. விளையாட்டுப் போட்டி நாளிலிருந்து பின்னோக்கி 20 வாரம் எண்ணுங்கள். பாடல் தேர்வும் திடல் சோதனையும் 4 வாரம், கட்டைவிரல் நக அளவுச் சிறுபடங்கள் 2, பென்சில் படங்கள் 3, வண்ணம் 7, பக்கம் கட்டலும் மெய்ப்பும் 2, அச்சு 2. பென்சில் நிலையிலேயே விளையாட்டு ஆசிரியர் ஒருவரும் பால்வெட்டு தெரிந்த ஒருவரும் படங்களைப் பார்த்துவிட வேண்டும். வண்ணம் போட்ட பிறகு 'அந்தக் கையைக் கொஞ்சம் மாற்றுங்கள்' என்றால் அது கொஞ்சம் அல்ல. வரைபவருக்குச் சிறுபடம் முடிந்ததும் முப்பது விழுக்காடு, பென்சில் முடிந்ததும் நாற்பது, ஒப்படைக்கும்போது மீதி முப்பது என்று எழுத்தில் போட்டுக்கொடுங்கள். இலவசத் திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம் என்பதையும் சேருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வரைந்தால் பெற்றோரின் ஒப்புதல் தேவை.

முதல் திடல் சோதனைக்கு ஒரு புதன்கிழமையை, புறப்பாட நேரத்தை, ஒதுக்கிச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். நான்கு மணிக்கு முன் தொடங்கினால் மழைக்கு முன் முடிக்கலாம், மழை முந்திக்கொண்டால் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம், கபடியை மட்டும் இன்னொரு நாளுக்கு விட்டுவிடலாம். வந்திருக்கும் பாடல்கள் அனைத்தையும் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாள்களில், எழுதியவர் பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டுக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
சிறுவர் பாடல் எழுதுவோரும் வரைவோரும் புறப்பாட ஆசிரியர்களும்
சுங்கை சிப்புட், பேராக்